படிவத்தில் ஐந்து வரி

தாலுகா ஆபீஸிலிருந்து படிவம் வந்திருக்கிறது:
"கிராம வரலாறு. முக்கிய நிகழ்வுகள்.
ஐந்து வரிகளுக்கு மிகாமல்."

நான் கோரைத்திட்டின் கிராம உதவியாளர்.
மேசை கிடையாது.
தார் பூசக் கவிழ்த்துப் போட்ட படகின் முதுகில்
தாளை விரித்து
மூலைக்கொரு கிளிஞ்சல் வைத்திருக்கிறேன்.

பரப்பளவை மட்டும் பென்சிலில் எழுதுகிறேன்.
போன மாசியில் அறுபத்திரண்டு ஏக்கர்.
ஐப்பசிக்குப் பிறகு
கொள்ளிடம் சொல்வதுதான் கணக்கு.
சங்கிலி பிடித்து அளந்தவர்கள் நட்டதில்
நாற்பத்தொன்றாம் எண் கல் இப்போது நடு ஆற்றில்.
கோடையில் தலை தெரியும்,
நீர்க்காகம் சிறகு காயவைக்கும்.
அது உட்கார்ந்திருப்பது
குஞ்சிதபாதத்தின் முல்லைக்கொல்லை.
பட்டா இன்னும் அவர் பெயரில்தான்.
போன வருஷம் வரைக்கும் தீர்வை கட்டினார்.

முதல் வரி:
ஓட்டுப்பெட்டி முதன்முதலாகப் படகேறி வந்த நாள்.
நீச்சல் தெரியாத அதிகாரி
வழி முழுக்க அதைக் கட்டிப்பிடித்தே வந்தாராம்.
கவிழ்ந்தால் பெட்டி மிதக்கும் என்று
யாரோ சொல்லிவைத்திருந்தார்கள்.
ஊரில் ஓட்டர்கள் எண்பத்தாறு பேர்.
விழுந்த ஓட்டு எண்பத்தேழு.
உத்திராபதி மாமா இதுவரை வாய் திறக்கவில்லை.

பாலத்துக்கு மூன்று தடவை அடிக்கல் நட்டார்கள்.
மூன்றும் பளபளக்கும் சலவைக்கல்.
அந்தப் பெயரை வைத்தவன்
எங்கள் ஊரைப் பார்த்துத்தான் வைத்திருக்கவேண்டும்.
இரண்டில் துணி துவைக்கிறோம்.
மூன்றாவது வழுக்குகிறதென்று
படகுத்துறையில் குப்புறப் போட்டிருக்கிறோம்.
மந்திரி பெயர் சேற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

வெள்ளம் என்று எழுதினால்
எந்த வெள்ளம் என்று கேட்பார்கள்.
ரேடியோ லட்சம் கன அடியில் பேசும்.
எங்கள் அளவு வேறு:
அடுப்பு முங்கியது,
கன்றுக்குட்டி முங்கியது,
மாரியம்மன் முழங்கால்.
அம்மனின் மூக்குத்தி வரை ஏறிய வருஷம்
ஊரே தண்ணீர்த்தொட்டி மேல் நின்றது.
இரண்டு ராத்திரி, எழுபது பேர், பதினொரு ஆடு.
பட்டம்மாளுக்கு அங்கேதான் வலி கண்டது.
நாலு பேர் சேலை பிடித்தார்கள்,
ஆண்கள் எல்லோரும் தண்ணீரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள்.
கொடி அறுத்தது கதிர் அரிவாள்.
சான்றிதழில் அந்தக் குழந்தைக்குத் தையல்நாயகி என்று பேர்.
ஊருக்கு டேங்க்கு.
டேங்க்கு என்று யார் கூப்பிட்டாலும்
இன்றைக்கும் திரும்பிப் பார்க்கிறேன்.

அப்புறம் அந்தப் பிணம்.
நான் பிறப்பதற்கு முந்தைய ஆடியில்
நாணலில் சிக்கி ஒதுங்கியது.
வடகரை ஸ்டேஷன் சொன்னது: தென்கரை எல்லை.
தென்கரை சொன்னது: தலை வடக்கே கிடக்கிறது.
இரண்டு ஏட்டுகளும் அவரவர் கரையில் நின்று
கையைக் குவித்துக் கத்திக்கொண்டார்கள்.
மூன்றாம் நாள்
நாய்களை விரட்டி மாளவில்லை.
வைரக்கண்ணு பெரியப்பா மண்வெட்டி எடுத்தார்.
காலில் ஒற்றைச் செருப்பு,
முன்கையில் பச்சை குத்தி அழிந்த ஓர் எழுத்து.
என்ன சாதியோ என்றாராம் ஒருவர்.
"ஊறிப்போன சாதி" என்றாராம் பெரியப்பா,
குழி வெட்டுவதை நிறுத்தாமல்.
பேரில்லாமல் மண் தள்ளக்கூடாதென்று
வந்தமுத்து, வந்தமுத்து, வந்தமுத்து
என்று கூப்பிட்டுவிட்டுத் தள்ளினார்கள்.

தேடி யாரும் வரவில்லை.
பதினெட்டாம் பெருக்கில் அவருக்கும் ஓர் இலை போட்டோம்.
பிறகு அந்த மேட்டையும் ஆறு கொண்டுபோயிற்று.
இலையை இப்போது தண்ணீரில் விடுகிறோம்.

ஐந்து வரி எப்போதோ தாண்டிவிட்டது.
ஓரத்தில் சுற்றிச் சுற்றி எழுதியிருக்கிறேன்.
கடைசிக் கட்டம்: "குறிப்பிடத்தக்க நபர்கள்."
வந்தமுத்து என்று எழுதினேன்.
தந்தை பெயர், கோடு.
தொழில், கோடு.
ஊருக்கு ஆற்றிய தொண்டு என்ற இடத்தில்
பேனா நின்றுகொண்டது.

"டேங்க்கக்கா, நாலு மணி பஸ் போயிடும்!"

அந்தப் பெயரில் ஊரில் இப்போது மூன்று பையன்கள்.
கூப்பிடுகிறவன் நடுவுள்ளவன்.
முழங்கால் தண்ணீரில் நின்று
படகைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.